மூன்று மாதம் மிதிக்கக் கூடாது

ஜூலை 14, செவ்வாய்

0 கி.மீ.

ஆறு வருடமாக இந்தக் குறிப்பேட்டில் நான் எழுதிவந்தது தேதி, தூரம், நேரம், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதுதான். ஒரு நாளுக்கு ஒரு வரி, மிஞ்சிப்போனால் இரண்டு. இனி தூரம் இல்லை. அதனால் மற்றதை எழுதுகிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவோடு தஞ்சாவூர் வரை போய்விட்டுத் திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பூதலூர் தாண்டி ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது. பிரேக் போட்டேன். சைக்கிள் சாய்ந்தது, உடம்பு திரும்பியது, வலது காலணி மட்டும் பெடலின் கொக்கியிலிருந்து விடுபடவில்லை. முழங்காலுக்குள் ஈரத் துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். எனக்கு மட்டும் கேட்டது. ஆட்டுக்குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

எலும்பு டாக்டர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உள்பக்க ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்கு. நடுவுல மெத்தை மாதிரி இருக்கிறதும் ஓரத்துல கிழிஞ்சிருக்கு. ஆபரேஷன் வேணாம். ஆறு வாரம் பட்டை போடுங்க, அப்புறம் பயிற்சி. மூணு மாசம் சைக்கிள் மிதிக்கக் கூடாது."

"அக்டோபர் மூணாம் தேதி எனக்கு அறுநூறு கிலோமீட்டர் இருக்கு டாக்டர்."

அவர் என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்தார். "இவருக்கு என்னம்மா வயசு?"

"அம்பத்தி நாலு" என்றாள் அமலம். அவள் பள்ளிக்கூட டீச்சர். வகுப்பில் குறும்பு செய்த பிள்ளையைப் பற்றித் தாயிடம் சொல்லும் குரல் அது.

200, 300, 400, 600 என்று நான்கு தூரங்களையும் ஒரே பருவத்தில், குறித்த நேரத்துக்குள் முடிப்பவர்களுக்கு ஒரு பதக்கம் உண்டு. மூன்றை முடித்துவிட்டேன். பருவம் அக்டோபரோடு முடிகிறது. போன வருடம் 600இல் விழுப்புரத்தோடு கைவிட்டேன். அதற்கு முந்தைய வருடம் மழை.

இன்னும் 81 நாள்.

ஜூலை 15, புதன்

படுத்தே இருந்தேன். மின்விசிறிக்கு மூன்று இறக்கை.

ஜூலை 19, ஞாயிறு

காலை ஐந்தரைக்கு எங்கள் சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பில் குணாளன் படம் போட்டான். முக்கொம்பில் ஒன்பது பேர் வரிசையாக நிற்கிறார்கள். 'சீக்கிரம் வாங்க ஜெபஸ்தியான் சார்' என்று எழுதியிருந்தான். போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு எடுத்து, அந்த ஒன்பது பேரில் யாருடைய கைப்பிடி உயரம் தவறாக இருக்கிறது என்று பார்த்தேன். இருவருடையது.

முழங்கால் வீங்கித் தேங்காய் மாதிரி இருக்கிறது. ஐஸ் வைக்கவும் வெந்நீர் வைக்கவும் பை வேண்டும், மருந்துக்கடைக்குப் போய் வாங்கிவா என்றேன். அமலம் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு வெந்நீர்ப் பையை எடுத்துவந்தாள். பழையது, ரப்பர் மூலையில் வெளுத்திருந்தது. பாதி பிதுக்கிய வலித் தைலக் குழாயும் அதோடு இருந்தது.

"இது எப்ப வாங்குனது?"

"எப்பவோ."

முன்யோசனை உள்ளவள்.

எட்டு மணிப் பூசைக்கு ஆட்டோவில் போனாள். மாதா கோயில் பத்து நிமிட நடை. எனக்காவது கால் இல்லை, இவளுக்கு என்ன? திரும்பி வந்ததும் சொன்னேன். "நடக்கணும் அமலம். உக்காந்தே இருந்தா மூட்டெல்லாம் துருப்பிடிச்சுப் போயிடும்."

"சரிங்க" என்றாள்.

ஜூலை 27, திங்கள்

அச்சகத்திலிருந்து மெய்ப்புகளை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். சட்டப் புத்தகம், 640 பக்கம். பிழை பார்ப்பதுதான் முப்பது வருடமாக என் பிழைப்பு. ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் பார்ப்பவன் இன்று பதினொன்றில் நிறுத்திவிட்டேன். கால் ஆடிக்கொண்டே இருக்கிறது, இடது கால். வலதுக்குச் சேர்த்து அதுவே ஆடுகிறது.

சாயங்காலம் ஒரு சண்டை. பதினைந்து வருடமாக ஐந்தாம் வகுப்பு எடுத்த அமலத்துக்கு இந்த வருடம் ஒன்றாம் வகுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். ஜூனிலிருந்தே அப்படித்தானாம். இன்று பேச்சுவாக்கில் தெரிந்தது.

"உன்னை மட்டம் தட்டுறாங்க, நீ சும்மா இருக்கியா? தலைமையாசிரியைக்கு நான் ஒரு லெட்டர் எழுதுறேன்."

"நானாத்தான் கேட்டு வாங்குனேன்."

"எதுக்கு?"

"அஞ்சாம் வகுப்பு மாடியில இருக்கு" என்றாள். பிறகு, "சின்னப் புள்ளைங்கன்னா எனக்குப் புடிக்கும்" என்றாள்.

ஆசையே இல்லாத மனுஷி. எனக்கு அந்த மாடி கிடைத்தால் ஒரு நாளைக்குப் பத்து தடவை ஏறி இறங்கித் தொடையைப் பலப்படுத்துவேன்.

ஆகஸ்ட் 3, திங்கள்

பிசியோதெரபி மருத்துவர் பெயர் ரிஸ்வானா. முப்பத்தைந்து வயதிருக்கும். மாடிப்படி இல்லாத சின்ன இடம். உள்ளே நுழைந்ததும் என்னைப் பார்க்காமல், "வாங்க டீச்சர், எப்படி இருக்கீங்க?" என்று அமலத்தைக் கேட்டார். அவருடைய பிள்ளை இவள் பள்ளியில் படிக்கும்போல.

"நான் நல்லாயிருக்கேன். இவரைப் பாருங்க" என்றாள் அமலம், சற்று அவசரமாக.

ரிஸ்வானா ஒரு கணம் அவளையே பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். காலை மடக்கச் சொன்னார். 55 டிகிரி. நல்ல கால் 140 வரை மடங்குமாம். எண் இருக்கிறது என்றதும் எனக்கு உயிர் வந்தது. அக்டோபர் 3க்குள் எத்தனை டிகிரி, வாரத்துக்கு எவ்வளவு என்று அங்கேயே கணக்குப் போட்டேன்.

"சார், கால் உங்க அட்டவணையப் படிக்காது" என்றார்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

70.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

82. குழு கொல்லிமலை அடிவாரம் வரை போயிருக்கிறது. மழை பெய்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். பெய்யவில்லை.

ஆகஸ்ட் 24, திங்கள்

பட்டையைக் கழற்றிவிட்டார்கள். தொடை சுருங்கியிருக்கிறது. இடதோடு ஒப்பிட்டால் நாலு சென்டிமீட்டர் குறைவு. நாடா வைத்து அளந்தேன். சென்னையிலிருந்து மகள் பெனிட்டா போன் செய்தாள். அளவைச் சொன்னேன். "சரிப்பா. அம்மாகிட்டக் குடுங்க" என்றாள். அவர்கள் பின்கட்டில் நெடுநேரம் பேசினார்கள். "அப்புறம் பாத்துக்கலாம்டி, முதல்ல இது முடியட்டும்" என்று அமலம் சொன்னது காதில் விழுந்தது. மாப்பிள்ளை தேடும் பேச்சாக இருக்கும்.

நான் சைக்கிளை இறக்கிச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டேன். கூடத்தில் ஒரு சொட்டு சிந்திவிட்டது. அமலம் கோபப்படுகிறவள் இல்லை. இன்று கத்தினாள். "கீழ விழுந்து வச்சா யாரு பாக்குறது? சொல்லுங்க, யாரு பாக்குறது?" நான் விழ மாட்டேன், ஜாக்கிரதையாகத்தான் நடக்கிறேன் என்றேன். அவள் துணியால் அந்த இடத்தை நின்றபடியே காலால் துடைத்தாள்.

ஆகஸ்ட் 29, சனி

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் இன்று முழுக்கத் தெருவைக் கடந்தார்கள். காவி உடை, சின்னத் தேர், பாட்டு. அமலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மோர் கொடுத்தாள். நாலு வருடத்துக்கு முன்புவரை அவளும் வருடா வருடம் நடந்தவள்தான். ஆறு நாளில் போய்ச் சேர்ந்துவிடுவாள்.

"நீ ஏன் இப்பல்லாம் போறதில்ல?"

"போன வரைக்கும் போதும்."

பக்தி குறைந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் கடைசித் தேர் மூலை திரும்பும் வரை அவள் கண் எடுக்கவில்லை. எனக்குக் குழுவின் படம் வரும்போது என் முகம் அப்படித்தான் இருக்குமோ என்னவோ.

செப்டம்பர் 6, ஞாயிறு

4 கி.மீ. அவள் பூசைக்குப் போயிருந்தபோது. யாரிடமும் சொல்லவில்லை. இங்கே மட்டும். வலி கொஞ்சம். சந்தோஷம் அதைவிட அதிகம்.

செப்டம்பர் 13, ஞாயிறு

இதை அமைதியாக எழுத முயல்கிறேன்.

அமலம் ஆட்டோவில் ஏறியதும் சைக்கிளை எடுத்தேன். திருவானைக்காவல் வரை பத்து கிலோமீட்டர், போய்த் திரும்பிவிட வேண்டும் என்பது திட்டம். காவிரிப் பாலத்தில் ஏறியதும் காற்று முகத்தில் அடித்தது. ஒன்பது வாரமாக அந்தக் காற்றை நான் மின்விசிறியில் தேடிக்கொண்டிருந்தேன். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. கல்லணைச் சாலையில் இறங்கிவிட்டேன். ஆற்றில் கரை தொட்டுத் தண்ணீர் ஓடியது. வாழைத் தோப்புகள் இரண்டு பக்கமும். உத்தமர்சீலி தாண்டும்போது, அக்டோபர் 3 நடக்கும் என்று வாய்விட்டே சொன்னேன்.

அடுத்த கிலோமீட்டரில் முழங்காலுக்குள் ஏதோ மாட்டிக்கொண்டது. கதவிடுக்கில் சிக்கிய துணி மாதிரி. காலை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை.

சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்தேன். பக்கத்தில் ஒரு படித்துறை. ஓடும் தண்ணீரில் காலை வைத்தால் சரியாகும் என்று தோன்றியது. உட்கார்ந்து உட்கார்ந்தே பதினாறு படி இறங்கினேன். தண்ணீரில் வைத்தேன். சரியாகவில்லை. ஏற முடியாது என்று அப்போதுதான் புரிந்தது.

குணாளனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அவர்கள் எங்கோ புதுக்கோட்டை பக்கம் மிதித்துக்கொண்டிருப்பார்கள். ஆறு வருடம் கூட மிதித்தவர்களின் எண்கள் எல்லாம் அந்த நேரத்தில் சாலையில்தான் இருந்தன. அமலத்துக்குச் செய்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை. "எந்த எடம்?" என்று மட்டும் கேட்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்து மேலே ஆட்டோ நின்ற சத்தம் கேட்டது. பூசைக்கு உடுத்திய வெளிர்நீலச் சேலையோடு அமலம் படித்துறையின் உச்சியில் வந்து நின்றாள். அங்கிருந்து என்னைப் பார்த்தாள். பிறகு படிகளைப் பார்த்தாள். ஆட்டோக்காரரிடம் என்னவோ சொல்லிவிட்டு இறங்கத் தொடங்கினாள்.

உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டாள். இரண்டு கையாலும் பக்கச் சுவரைப் பிடித்தாள். இடது காலைக் கீழ்ப்படியில் வைத்தாள். வலதை அதே படிக்குக் கொண்டுவந்தாள். நின்றாள். மறுபடி இடது. மறுபடி வலது. என் மேல் உள்ள கோபத்தில் வேண்டுமென்றே மெதுவாக வருகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஏழாவது படியோடு சுவர் முடிந்துவிட்டது. அவள் ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு அந்த நல்ல சேலையோடு படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி, நான் இறங்கிய மாதிரியே ஒவ்வொரு படியாக நகர்ந்து வந்தாள்.

இருபத்தெட்டு வருடமாக அவளோடு இருக்கிறேன். அவள் நடந்து வருவதை இவ்வளவு தூரத்திலிருந்து, இவ்வளவு நேரம், வேறு வேலை இல்லாமல் நான் பார்த்ததில்லை.

"ஏன் அப்படி எறங்குற?"

"எப்படி?"

"பக்கவாட்டுல."

"நான் இப்படித்தாங்க எறங்குறேன்."

"எப்பலேர்ந்து?"

அவள் எனக்கு மேல் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "நீங்க இந்தச் சைக்கிள் வாங்குனீங்கள்ல, அதுக்கு முந்தின மழைக்காலத்துலேர்ந்து."

இந்தச் சைக்கிள் வாங்கி மூன்று வருடம் ஆகிறது.

"என்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

அவள் ஆற்றைப் பார்த்தாள். "முதல்ல மேல போவோம்" என்றாள்.

ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். நல்ல உடற்கட்டு. என்னை முதுகில் ஏற்றிக்கொண்டார். "அம்மா, நீங்க நில்லுங்க, ஐயாவ வச்சுட்டு வந்து உங்களயும் தூக்குறேன்" என்றார்.

"ஏறிடுவேம்ப்பா. எறங்கத்தான் வராது."

அவர் முதுகில் தொங்கியபடி திரும்பிப் பார்த்தேன். அவள் படியில் கை ஊன்றி எழுந்துகொண்டிருந்தாள்.

செப்டம்பர் 14, திங்கள்

அமலம் பள்ளிக்குப் போய்விட்டாள். நான் பெனிட்டாவை அழைத்தேன்.

"அம்மாவுக்கு முழங்கால்ல என்னடி?"

"உங்களுக்கு இப்பத்தான் தெரியுமாப்பா?"

இடது முழங்கால் தேய்ந்து எலும்பும் எலும்பும் உரசுகிறதாம். ஊசி போட்டுப் பார்த்தாயிற்று. ரிஸ்வானாவிடம் எட்டு மாதம் பயிற்சி செய்தாயிற்று. மூட்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். மே மாத விடுமுறையில் தேதி குறித்தார்கள். அந்த மாதம் எனக்கு 400 இருந்தது. காலாண்டு விடுமுறைக்குத் தள்ளினாள். அதற்குள் நான் விழுந்தேன். அதையும் தள்ளிவிட்டாள்.

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

"சொன்னேன்னு அம்மா சொல்லுச்சு. ரெண்டு தடவ."

சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நினைவிருக்கும். அடித்துச் சொல்வதற்காக இந்தக் குறிப்பேட்டின் முன் பக்கங்களைப் புரட்டினேன். என் கையெழுத்தில் இருக்கிறது:

'பிப்ரவரி 8. 104 கி.மீ. எதிர்க்காற்று. அமலம் முழங்கால் வலி என்றாள். பின் டயர் மாற்ற வேண்டும்.'

'ஏப்ரல் 2. 60 கி.மீ. அமலம் டாக்டரிடம் போனாளாம். மே மாதம் என்று ஏதோ சொன்னாள். மேயில் 400 இருக்கிறது.'

இன்று மெய்ப்பு ஒரு பக்கம்கூடப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 15, செவ்வாய்

அவள் வந்ததும் குறிப்பேட்டைக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்பதாக நினைத்தேன். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு வரிகளையும் படித்தாள்.

"எழுதியாவது வச்சிருக்கீங்களே" என்றாள். காபி போடப் போய்விட்டாள்.

கத்தியிருக்கலாம்.

செப்டம்பர் 19, சனி

அவளோடு அவளுடைய டாக்டரிடம் போனேன். எனக்கு ஊன்றுகோல். அவளுக்கு என் தோள். வரவேற்பில் இருந்த பெண், "யாருக்குப் பாக்கணும்?" என்று கேட்டாள். இருவரும் ஒரே நேரத்தில் மற்றவரைக் கை காட்டினோம்.

டாக்டர் கோப்பைத் திறந்தார். அதில் மூன்று வருடம் இருந்தது. "இந்தத் தடவயாவது வருவீங்களாம்மா?" என்றார். 29ஆம் தேதி செவ்வாய்க்கிழமை.

எனக்கு மறுபடி படம் எடுத்தார்கள். கிழிசல் பெரிதாகவில்லை, அதிர்ஷ்டம். டிசம்பர் வரை மிதிக்கக் கூடாது. ரிஸ்வானா என்னோடு பேசவில்லை, பயிற்சி மட்டும் கொடுத்தார்.

செப்டம்பர் 27, ஞாயிறு

நாளை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அமலம் பையில் துணி அடுக்குகிறாள். நான் பக்கத்தில் நிற்கிறேன், எடுத்துக் கொடுக்கிறேன். மனதுக்குள் இன்னொன்று ஓடுகிறது. இன்னும் ஆறு நாள், எப்படியும் முடிந்திருக்காது, ஆனாலும் புறப்படும் இடத்தில் போய் ஒரு நிமிடம் நிற்கலாமே.

இதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன். அழிக்கவில்லை.

செப்டம்பர் 29, செவ்வாய்

இரண்டே கால் மணி நேரம் என்று சொன்னார்கள். மூன்று மணி நேரம் பத்து நிமிடம். தாழ்வாரத்தின் நீளம் 41 அடி. ஊன்றுகோலோடு எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

வெளியே கொண்டுவந்தபோது என்னைத்தான் பார்த்தாள். "உக்காரலையா நீங்க? காலு வீங்கிடும்" என்றாள்.

அக்டோபர் 3, சனி

காலை ஆறு மணிக்கு அவர்கள் புறப்பட்டிருப்பார்கள். நான் அறை ஜன்னலில் நின்றிருந்தேன். குணாளன் படம் அனுப்பவில்லை. நல்லவன். அனுப்பியிருக்கலாம்.

பத்து மணிக்கு நர்ஸ் அமலத்தை வாக்கரைப் பிடித்து நடக்க வைத்தார். கட்டிலிலிருந்து கதவு வரை. நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே வந்தேன். "குதிகால முதல்ல வை. தோள எறக்கு. மூச்ச அடக்காத. இன்னும் நாலே அடி. நேத்த விட வேகமா இருக்கே, விடாத..."

அவள் நின்றுவிட்டாள். முகம் முழுக்க வியர்வை.

"கொஞ்சம் வெளிய போறீங்களா?"

"உனக்காகத்தானே சொல்றேன்."

"எங்காலு ஒண்ணும் போட்டியில ஓடல. எனக்கு வலிக்குது. வலிக்குதுன்னு சொல்றேன். நீங்க கேட்டுக்கிட்டா போதும், ஒண்ணும் சொல்ல வேணாம். முடியுமா உங்களால?"

நர்ஸ் சுவரில் மாட்டியிருந்த அட்டவணையைப் படிப்பதுபோல நின்றார்.

முடியும் என்றேன். அவள் திரும்பிக் கட்டில் வரை நடந்தாள். வலிக்குது, வலிக்குது என்று ஒவ்வோர் அடிக்கும் சொன்னாள். நான் கேட்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான நாலு மீட்டர் கிடையாது.

அக்டோபர் 12, திங்கள்

வீடு. பெனிட்டா ஒரு வாரம் இருந்துவிட்டு இன்று சென்னைக்குப் போய்விட்டாள். சமையல் நான். ரசம் மூன்று தடவை தவறியது, நான்காவதை அவள் குடித்தாள்.

ரிஸ்வானா வீட்டுக்கே வருகிறார். கட்டிலில் அவளும் தரையில் பாயில் நானுமாகப் படுத்துக் காலைத் தூக்குகிறோம். அவளுக்கு இடது, எனக்கு வலது. "ரெண்டு பேரையும் சேத்தா ஒரு நல்ல ஆளு" என்றார் ரிஸ்வானா. அமலம் சிரித்தாள். வயிறு குலுங்கச் சிரித்ததில் முழங்கால் வலித்து, வலியோடும் சிரித்தாள்.

அவளுக்கு 85 டிகிரியாம். அதை நான் கேட்கவில்லை, அவர்தான் சொன்னார்.

நவம்பர் 8, ஞாயிறு

குணாளன் பார்க்க வந்தான். 600ஐ முடித்துவிட்டான், முப்பத்தெட்டு மணி நேரத்தில். பதக்கம் தபாலில் வருமாம். எல்லாம் விவரமாகக் கேட்டேன். எந்த இடத்தில் தூங்கினான், என்ன சாப்பிட்டான், செங்கல்பட்டு ஏரிக்கரையில் காற்று எப்படி. நாற்பது நிமிடம் நன்றாகவே பேசினேன். அவன் போனதும் குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அமலம் வாக்கரை விட்டுக் கைத்தடியில் நடக்கிறாள். துண்டை எடுத்து நீட்டினாள். எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பாள்.

டிசம்பர் 6, ஞாயிறு

12 கி.மீ. அனுமதியோடு. வலி இல்லை. ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டேன்.

"அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"நீ தனியா இருப்பியே."

"நீங்க வீட்டுலயே சுத்திச் சுத்தி வந்தாத்தாங்க எனக்கு வலி கூடுது. நாளைக்கு இன்னும் கொஞ்சம் தூரம் போயிட்டு வாங்க."

நான் இதைக் கருணை என்று எடுத்துக்கொண்டேன். பிறகு பார்த்தால், அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வானொலி போட்டுக்கொண்டு நிம்மதியாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உண்மையாகவே சொல்லியிருக்கிறாள்.

ஜனவரி 17, ஞாயிறு

அமலமும் அவளோடு வேலை பார்க்கும் மூன்று டீச்சர்களும் மே மாதம் டார்ஜிலிங் போகிறார்களாம். பன்னிரண்டு நாள். டிக்கெட் எடுத்தாயிற்று. சாப்பாட்டுக்கு உட்காரும்போது சொன்னாள்.

"மலை ஊரு. ஏத்தம் எறக்கம் இருக்குமே. உன் காலு?"

"அதுக்குத்தானே மாத்துனேன்."

வலியைத் தீர்க்க மாற்றினாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் வரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் எனக்கு அப்பளம் வைத்தாள். கேட்கவில்லை.

மே 9, ஞாயிறு

அவள் போய் எட்டாவது நாள்.

குழு இன்று கரூர் போகிறது. என்னையும் கூப்பிட்டார்கள். போகவில்லை. காலையில் அழைக்கிறேன் என்று அமலம் நேற்றுச் சொல்லியிருந்தாள். மலைப்பக்கம் ஏதோ கோயிலுக்கு நடந்து போகிறார்களாம்.

எட்டு மணி. இல்லை.

மாதா கோயில் மணி அடித்தது. போகவில்லை. போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சட்டைகளைத் தேய்த்தேன். பத்து மணிக்கு நானே அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. பத்தே காலுக்கும் அதுவே சொன்னது. அந்த ஊரில் மழையா என்று பார்த்தேன். மழை. ஈரமான கல்படி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்குப் பெனிட்டாவை அழைத்தேன்.

"அம்மா போன் பண்ணுச்சா?"

"இல்லப்பா. டவர் கிடைக்காதுன்னு நேத்தே சொல்லுச்சே. பயப்படாதீங்க."

"பயமெல்லாம் இல்ல. சும்மா கேட்டேன்." வைக்க முடியவில்லை. "பெனிட்டா, நான் முந்நூறு நானூறுன்னு போறப்ப அம்மா வீட்டுல என்ன பண்ணும்?"

"எனக்குப் போன் பண்ணும்ப்பா. அப்பா இப்ப எங்க இருப்பாருன்னு கேக்கும். நான் ஒங்க ரூட்டப் பாத்து ஏதாவது ஊர் பேரு சொல்லுவேன். அரை மணி கழிச்சு மறுபடியும் பண்ணும்."

அதற்குப் பிறகு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சாப்பிட்டேனா என்று அவள் கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

மூன்று நாற்பதுக்குப் போன் அடித்தது. காற்றின் இரைச்சல். பின்னால் பெண்கள் பேசிச் சிரிக்கும் சத்தம்.

"என்னங்க, கேக்குதா? இப்பத்தான் டவர் வந்துச்சு. மலையே தெரியல, ஒரே மேகம். அவ்வளவு அழகா இருக்கு."

"காலு எப்படி இருக்கு? எவ்வளவு தூரம் நடந்த? எத்தன படி?"

"நான் எதுக்குங்க எண்ணணும்?" என்றாள். சிரித்தாள். யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று அவர்களிடம் சொன்னாள். பிறகு என்னிடம், "வியாழக்கெழம வந்துருவேன். காலையில அஞ்சரைக்கு வண்டி. நீங்க ஸ்டேஷனுக்கெல்லாம் அலைய வேணாம், நானே ஆட்டோ புடிச்சு வந்துர்றேன்" என்றாள்.

சரி என்றேன்.

நாலரைக்கே போய்விடுவேன்.